இயற்பியல் பிஎச்.டி. நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது, எப்படித் தயாராவது?

தாமிரபரணிக்கரை

வணக்கம். நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ஜெஸ்ட் (இயற்பியல் பிஎச்.டி.க்கான நுழைவுத் தேர்வு) எழுதியிருந்தேன். தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலிருந்தும் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்திலிருந்தும் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். எங்கள் துறையிலிருந்து இதற்கு முன் யாரும் போனதில்லை. சாரிடம் கேட்டால், "எல்லாத்தையும் ஒருதடவை பாத்துட்டுப் போம்மா" என்கிறார். எல்லாவற்றையும் என்றால் எங்கே ஆரம்பிப்பது?

இன்னும் சில சந்தேகங்கள். என் புராஜெக்ட் ஜிங்க் ஆக்சைடு நானோ துகள். நான் போக நினைப்பதோ தியரி அல்லது வானியற்பியல். புராஜெக்ட்டைப் பற்றிக் கேட்பார்களா? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன், பேசும்போது திணறும். வீட்டில் "இன்னும் அஞ்சு வருஷமா?" என்ற பேச்சு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

கரும்பலகை

வாழ்த்துகள். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை எழுத்துத் தேர்விலேயே ஓரளவு பார்த்துவிட்டார்கள். அதையே மறுபடி பார்க்க ஐந்தாறு பேராசிரியர்கள் வேலையை விட்டுவிட்டு ஒரு மேசையில் வந்து உட்கார மாட்டார்கள். தெரிந்ததில் ஆரம்பித்து, தெரியாத இடம் வரை உங்களைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே போனதும் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். அதனால் கடைசியில் ஒரு கேள்விக்காவது பதில் தெரியாமல் நின்றுதான் வெளியே வருவீர்கள். நன்றாகச் செய்தவர்களுக்கும் அதே கதைதான்.

பெரும்பாலும் முதல் கேள்வி: "எந்தப் பாடத்தில் கேட்கலாம்?" இதற்குப் பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். இரண்டு பாடம் போதும். குவாண்டம் ஒன்று, அதோடு மின்காந்தவியலோ புள்ளியியல் இயற்பியலோ இன்னொன்று. "எல்லாமே பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் பாடத்தை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு கேள்வி எப்படி வளரும் என்று காட்டுகிறேன். நான் குவாண்டம் என்று சொன்னபோது வந்தது இது. பெட்டிக்குள் ஒரு துகள், அடிமட்ட நிலையில் இருக்கிறது. ஒரு பக்கச் சுவரைச் சட்டென்று தள்ளி வைத்து அகலத்தை இரட்டிப்பாக்கிவிட்டோம். புதுப் பெட்டியின் அடிமட்ட நிலையில் துகள் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இது எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். தொகையீடு செய்தால் 32-ஐ 9π²-ஆல் வகுத்த எண் வரும், ஏறக்குறைய 0.36.

இங்கேதான் பலர் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்கள். கேள்வி அடுத்துத்தான் ஆரம்பிக்கிறது. "சரி, எந்த நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்?" அடுத்த நிலையில், சரியாகப் பாதி. "ஏன் அது?" பெட்டி இரட்டிப்பாகும்போது இரண்டாவது நிலையின் ஆற்றல் பழைய அடிமட்ட ஆற்றலோடு ஒத்துப்போகிறது, பழைய பெட்டி இருந்த பகுதியில் அலைவடிவமும் அதேதான். "ஆற்றலின் சராசரி மாறியதா?" இல்லை. சுவர் சட்டென்று விலகிவிட்டதால் துகள் அதன்மேல் வேலை எதுவும் செய்யவில்லை. "சுவரை மெல்ல மெல்ல நகர்த்தினால்?" அப்போது துகள் அடிமட்ட நிலையிலேயே இருக்கும், ஆற்றல் கால்வாசியாகிவிடும். "மீதி முக்கால்வாசி எங்கே போனது?" சுவரைத் தள்ளிய வேலையாகப் போனது. "அப்படியானால் சுவர்மேல் எவ்வளவு விசை?" ஆற்றலை அகலத்தால் வகையிட வேண்டும். கொஞ்சம் கவனித்தால், குவாண்டத்தில் ஆரம்பித்த பேச்சு வெப்ப இயக்கவியலுக்கு வந்திருப்பது தெரியும்.

இதில் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கஷ்டமில்லை. கணக்கு முடிந்ததும் "இதைக் கொஞ்சம் மாற்றினால் என்ன ஆகும்" என்று தன்னையே கேட்டுப் பழகாதவர்கள்தான் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். புத்தகம் முழுவதையும் திருப்பாதீர்கள். நன்றாகத் தெரிந்த பதினைந்து இருபது கணக்குகளை எடுத்து ஒவ்வொன்றையும் இப்படி முறுக்கிப் பாருங்கள்.

மல்லிகைச்சரம்

உடை பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சுடிதாரோ புடவையோ, உங்களுக்கு வசதியானது. போர்டில் கை தூக்கி எழுத வேண்டும், சாக்பீஸ் தூள் படும். அதற்குத் தகுந்தாற்போல் இருந்தால் போதும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் செருப்பும் கசங்கின சட்டையுமாகத்தான் இருப்பார்கள்.

பெங்களூருக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போனால் இறங்கக் காலையாகிவிடும். அதே நாள் நேர்காணல் என்று வைத்துக்கொள்ளாமல் முந்தின நாளே போய்விடுங்கள். நிறுவன விருந்தினர் விடுதியில் இடம் கிடைக்குமா என்று மெயில் போட்டுக் கேளுங்கள். சில இடங்களில் ரயில் கட்டணமும் தருகிறார்கள், அழைப்புக் கடிதத்தில் போட்டிருக்கும். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெளிவாசல்

எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு ஒரு இடத்தில் உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, என் கல்லூரிப் பெயரைப் படித்துவிட்டு, "இது எங்கே இருக்கிறது?" சொன்னேன். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு முன்னால் போன ஐஐடி பையன் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தான். பெரிய கல்லூரிக்காரர்களுக்கு அங்கே இருக்கும் பாதிப் பேரைத் தெரியும். கோடைப் பயிற்சிக்கு அங்கேயே வந்து போயிருப்பார்கள். நீங்கள் பதினைந்து கணக்கை முறுக்கினாலும் பிழிந்தாலும் அது மாறாது.

கரும்பலகை

சிரித்தது அசிங்கம், அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். கோடைப் பயிற்சி பற்றிச் சொன்னதும் சரிதான். அந்தப் பிள்ளைகளுக்குப் போர்டு முன்னால் பேசிப் பேசிப் பழக்கமாகியிருக்கும், நம் பக்கத்தில் செமினார் என்றாலே பிபிடியைப் பார்த்து வாசிப்பதுதான். அந்தப் பழக்கத்தையாவது இப்போதிலிருந்து செய்துகொள்ளலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு விஷயம் மட்டும். நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சீக்கிரம் முடிந்தும் தேர்வானவர்கள் உண்டு, ஒரு மணி நேரம் நின்றும் கிடைக்காதவர்கள் உண்டு.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மேசையின் அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

முதலில், பல்கலைக்கழக பிஎச்.டி. நேர்காணலையும் இந்த நிறுவனங்களின் நேர்காணலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகங்களில் யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி நுழைவுத் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். ஜே.ஆர்.எஃப். (தேசியத் தேர்வில் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகை) கையில் இருந்தால் நேர்காணலை வைத்தே எடுத்துக்கொள்ளலாம். அங்கே "என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறாய், கைடு யார், அவரிடம் இடம் இருக்கிறதா" என்பதுதான் பெரிய கேள்வி. முன்கூட்டியே கைடைப் பார்த்துப் பேசாமல் போனால் சிரமம். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு நிறுவனங்களிலும் முதலில் கோர்ஸ் ஒர்க் (வகுப்புப் பாடங்கள்) இருக்கும், அதற்குப் பிறகுதான் கைடு பேச்சு. "இந்த ஆராய்ச்சியைத்தான் செய்வேன்" என்று கட்டுரை தயார் செய்துகொண்டு போக வேண்டியதில்லை. அங்கே யார் யார் என்னென்ன துறையில் வேலை செய்கிறார்கள் என்று அவர்களின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.

இரண்டாவது, நாங்கள் குறிப்புத் தாளில் என்ன எழுதுவோம் என்று பிள்ளைகளுக்குப் பெரிய கற்பனை இருக்கிறது. "அடிப்படை சரி. குறிப்புக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்." இவ்வளவுதான் எழுதுவோம். குறிப்பைப் பிடித்துக்கொள்வது என்றால், நாங்கள் "சமச்சீரைப் பார்" என்று சொன்னதும் அதுவரை போட்டதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்புவது. சிலர் தலையை ஆட்டிவிட்டு அதே தொகையீட்டைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். காதில் விழவே இல்லை என்று அர்த்தம். ஆராய்ச்சி மாணவர் அப்படி இருந்தால் ஐந்து வருடம் யார் சமாளிப்பது?

தாமிரபரணிக்கரை

நன்றி அண்ணா, நன்றி சார். புராஜெக்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. என்னிடம் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரை வைத்துப் படிகத்தைப் பார்ப்பது), யுவி (புற ஊதா ஒளி உறிஞ்சலை அளப்பது) இரண்டின் தரவும் இருக்கின்றன. துகள் அளவு 28 நானோமீட்டர் வந்தது.

ஒளிச்சிதறல்

அந்த 28-ல்தான் பிடிப்பார்கள் தங்கச்சி.

தமிழ்நாட்டில் ஜிங்க் ஆக்சைடு செய்யாத எம்.எஸ்சி. இயற்பியல் துறை இருக்கிறதா என்று தெரியவில்லை, அது கிடக்கட்டும். தியரிக்குப் போனாலும் புராஜெக்ட்டைக் கேட்கலாம். ரெஸ்யூமேயில் நீங்களே எழுதியதைத் தெரியாது என்று சொல்ல முடியாது இல்லையா.

சிகரத்தின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரத்தில்தானே போட்டீர்கள்? அப்படியானால் வரிசையாக வரும்: படிகம் சிறிதானால் எக்ஸ்ஆர்டி சிகரம் ஏன் அகலமாகிறது? கருவியே கொஞ்சம் அகலப்படுத்துமே, அதைக் கழித்தீர்களா? படிகத்துக்குள் திரிபு (ஸ்ட்ரெயின்) இருந்தாலும் அகலமாகுமே, அதை எப்படிப் பிரித்தீர்கள்? 28 என்பது துகளின் அளவா, துகளுக்குள் இருக்கும் படிகத்தின் அளவா? (படிகத்தின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம்.) கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதியிருப்பீர்கள். அது எந்த உலோகத்திலிருந்து வருகிறது, ஏன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதைச் செய்ய முடியாது?

31.8, 34.4, 36.3 டிகிரி பக்கம் வரும் முதல் மூன்று சிகரங்களுக்கும் தளக் குறியீடு எப்படி வந்தது என்று போர்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேர் கொடுத்தது என்பது பதில் ஆகாது.

யுவியில் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) 3.3 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வந்திருக்கும். அதிலிருந்து எனக்குப் பிடித்த கேள்வி: "உங்கள் பொடி என்ன நிறம்?" வெள்ளை. "ஏன் வெள்ளை?" 3.3 என்றால் 375 நானோமீட்டர், அது புற ஊதா. கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் அது உறிஞ்சாது; பொடியாக இருப்பதால் எல்லா நிறத்தையும் சிதறடிக்கிறது. "அதைச் சூடாக்கினால்?" மஞ்சளாகும், ஆறினால் மறுபடி வெள்ளை. லேபில் மஃபிள் ஃபர்னஸில் வைத்து எடுத்தபோது நீங்களே பார்த்திருக்கலாம். பார்த்ததைச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பு அதிகம்.

எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படமோ எக்ஸ்ஆர்டியோ வெளியே காசு கொடுத்து எடுத்ததாக இருந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள். நம் கல்லூரிகளில் கருவி கிடையாது என்று அவர்களுக்கும் தெரியும்.

கோடை மேகம்

வானியற்பியல் பக்கத்திலிருந்து நான். முதுகலையில் வானியல் படிக்காதவர்களிடம் வானியல் கேட்க மாட்டார்கள். சாதாரண இயற்பியலை வானத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். "சூரியனின் வெப்பநிலையை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்பது பழைய கேள்விதான், இன்னும் கேட்கிறார்கள்.

மனப்பாட எண்ணைச் சொல்லாமல் இப்படிப் போங்கள். பூமியின் வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1,361 வாட். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதன் ஆரம் 7 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 214, வர்க்கம் ஏறக்குறைய 46,000. 1,361-ஐ அதால் பெருக்கினால் சூரியப் பரப்பில் சதுர மீட்டருக்கு 6 கோடி வாட்டுக்கு மேல். ஸ்டெஃபான் விதியில் (வெளியேறும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் போகும்) போட்டு நான்காம் மூலம் எடுத்தால் 5,800 கெல்வின் பக்கம் வரும். கால்குலேட்டர் கிடையாது, போர்டில் கையால் போட்டுப் பழகுங்கள்.

அப்புறம் வரும் கேள்வி: சூரியப் படத்தில் நடுப்பகுதி பளிச்சென்றும் விளிம்பு மங்கலாகவும் இருக்கிறதே, ஏன்? விளிம்பில் நம் பார்வை சாய்வாக நுழைவதால் ஆழம் வரை போகாமல் மேலே உள்ள குளிர்ந்த அடுக்கோடு நின்றுவிடுகிறது. முதல்முறை கேட்கும்போது இதை ஊகித்துச் சொல்லிவிட்டால் முகமே மலர்ந்துவிடும் அவர்களுக்கு.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகங்களில் இரண்டு நம் ஊரிலேயே இருக்கின்றன. காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை எவர்ஷெட் 1909-ல் அங்கிருந்துதான் கண்டார். டாப்ளர் விளைவை வைத்துக் கண்டது. "ஏன் இங்கே விண்ணப்பித்தாய்" என்று கேட்டால், சிறுவயதில் நட்சத்திரம் பார்த்த கதையைச் சொல்லாமல் இந்த மாதிரி ஒன்றைச் சொல்லலாம். நட்சத்திரக் கதையை அன்றைக்கே பல பேர் சொல்லியிருப்பார்கள்.

வெளிவாசல்

தெரியாத கேள்வி வந்தால் 'தெரியாது' என்று சொல்லலாமா கூடாதா? இதற்கு ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கரும்பலகை

சொல்லவே கூடாது என்பேன். "தெரியாது" என்றால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தெரிந்த எல்லையிலிருந்து ஏதாவது ஒரு அடி வைக்கணும். பரிமாணத்தைப் பார், ஒரு படம் போடு, எளிமையான எல்லையில் என்ன ஆகும் என்று பார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. ஒரு பெயரோ வரையறையோ தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லிவிடுவதுதான் மரியாதை. நாங்களே சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போவோம். யோசித்து வர வேண்டிய விஷயத்துக்குத்தான் நீங்கள் சொல்வது பொருந்தும். பெயர் தெரியாமல் ஐந்து நிமிடம் சுற்றி வளைத்துப் பேசுகிறவரைப் பார்த்தால் எங்களுக்கு எரிச்சல்தான் வரும்.

கரும்பலகை

சரி சார், பெயர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

மல்லிகைச்சரம்

ஆங்கிலம் பற்றி. நானும் தமிழ் மீடியம்தான். இயற்பியலுக்குத் தேவைப்படும் ஆங்கில வாக்கியங்கள் ரொம்பக் கம்மி: இதை எடுத்துக்கொள்கிறேன், இது மாறாது, இதனால் இது பூஜ்யம், ஒரு நிமிடம் யோசிக்கட்டுமா, கேள்வியை மறுபடி சொல்ல முடியுமா. இவற்றை வாய் தானாகச் சொல்லும்வரை பழகினால் போதும். மாலையில் காலி வகுப்பறைக்கு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போய்ப் போர்டில் எழுதிக்கொண்டே சத்தமாகப் பேசுங்கள். அவளுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "ஏன்?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. வாயைத் திறக்காமல் நின்றால்தான் சிக்கல், உள்ளே என்ன ஓடுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, பெண் பிள்ளை என்பதால் சொல்கிறேன். "கல்யாணம் ஆனால் விட்டுவிடுவாயா" என்று எனக்கு ஒரு இடத்தில் கேட்டார்கள் (எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை). கேட்கக் கூடாத கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் சண்டை போட உங்களுக்கு மனம் இருக்காது. "பிஎச்.டி. முடிக்கத்தான் வந்திருக்கிறேன் சார்" என்று ஒரு வரியோடு நிறுத்தி, அடுத்த கேள்விக்காக அவர்கள் முகத்தைப் பார்த்தேன். விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு: 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு அப்புறம் 42,000. விடுதி உள்ளேயே இருக்கும். "படிப்புச் செலவு" என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். என் வீட்டில் அதற்குப் பிறகுதான் பேச்சே மாறியது.

குறிஞ்சி நெட்வொர்க்

ஆன்லைனில் வைத்தால் என்ன செய்வது என்றும் யோசித்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் முதல் சுற்று அப்படித்தான். டேப்லெட் இல்லையென்றால் இரண்டாவது போனை மேலிருந்து தாளைப் பார்க்கும்படி கட்டிவைத்து, தடித்த மார்க்கரில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா திரையில் தெரியாது. எங்கள் ஊரில் மழை வந்தால் சிக்னல் போய்விடும் என்பதால் நான் கல்லூரி லேபில் உட்கார்ந்து செய்தேன். நடுவில் கட் ஆனால் கூப்பிட ஒரு போன் நம்பரை முதல்நாளே மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு பாடம் குவாண்டம், மின்காந்தவியல் என்று முடிவு செய்திருக்கிறேன். எக்ஸ்ஆர்டி கேள்விகளில் கருவியின் அகலத்தைக் கழிக்கவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. கைடிடம் கேட்டுத் திருப்பிக் கணக்குப் போடப் போகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: எங்கள் பல்கலைக்கழகத்தில் ரிசல்ட் வரத் தாமதமாகும். நேர்காணல் அன்று கடைசி செமஸ்டர் மார்க்ஷீட் கையில் இருக்காது. விடுவார்களா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

விடுவார்கள். துறைத் தலைவரிடம் 'கடைசி செமஸ்டர் எழுதியிருக்கிறார், முடிவு வரவில்லை' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு போனஃபைடு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை வந்த மார்க்ஷீட்டுகளின் ஒரிஜினலும் இரண்டு செட் நகலும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வானால் ப்ரொவிஷனல் சர்டிபிகேட் கொடுக்க ஒரு கடைசித் தேதி சொல்வார்கள். அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு இப்போதே உங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் போய் விசாரித்து வையுங்கள் அம்மா.

ஒளிச்சிதறல்

கருவி அகலத்துக்கு, அதே எக்ஸ்ஆர்டியில் எடுத்த சிலிக்கான் ஸ்டாண்டர்டு தரவு இருக்கிறதா என்று அளந்து கொடுத்த லேபில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கிடைக்காவிட்டால் '28 என்பது குறைந்தபட்ச மதிப்பு, திருத்தினால் கூடும்' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.